அணைத்த பின்னும் வடியும் மின்சாரம்

மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்

எந்தப் பொருளும் பயன்படுத்தினால் தேயும். பயன்படுத்தாமல் எடுத்து வைத்தால் அப்படியே இருக்கும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். செருப்புக்கும் சட்டைக்கும் இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தலாம். டார்ச் விளக்குக்குப் பொருந்தாது. அணைத்து, துணியில் சுற்றி, பெட்டியில் பூட்டி வைத்த விளக்கும் உள்ளே தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. அது தேய்ந்துவிட்டது என்பதை நாம் அறியும் நேரமோ, பெரும்பாலும் அதன் உதவி நமக்கு மிகவும் வேண்டியிருக்கும் நேரமாக அமைந்துவிடுகிறது. சிறிய பொருளைப் பற்றிய கட்டுரைதானே என்று நண்பர்கள் எண்ண வேண்டா. இச்சிறிய பொருள் எங்கள் வீட்டில் ஒருவருடைய நடையையே மாற்றிவிட்டது.

ஒரு புயல் இரவு

எங்கள் ஊர் வேதாரண்யத்தை ஒட்டிய கடலோரச் சிற்றூர். என் தாத்தா இரவில் தென்னந்தோப்புக்குக் காவலுக்குப் போவார். அவரிடம் இரண்டு செல் போடும் டார்ச் விளக்கு ஒன்று இருந்தது. காலையில் வீடு திரும்பியதும் பின்மூடியைக் கழற்றி, பின்னால் உள்ள செல்லை மட்டும் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மூடுவார். மாலையில் மறுபடியும் நேராக்குவார். ஏன் என்று கேட்டால், "கட்டை தூங்கட்டும்டா" என்பார். அவர் 2015-ஆம் ஆண்டு காலமானார். அதற்குப் பின் அப்பா மூன்று செல் போடும் நீண்ட எஃகு விளக்கு ஒன்றை வாங்கினார். தாத்தாவின் வழக்கத்தை விடாமல் அவரும் ஒரு செல்லைத் திருப்பிப் போட்டே தகரப் பெட்டியில் வைத்து வந்தார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவன். முதல் நாள் மாலையே மின்சாரம் நின்றுவிட்டது. அப்பாவின் கைபேசியும் நள்ளிரவுக்குள் ஓய்ந்துபோயிற்று. ஓடுகள் ஒவ்வொன்றாய்ப் பறக்கத் தொடங்கியதும் எதிர்வீட்டு மாடிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். அப்பா பெட்டியைத் திறந்து விளக்கை எடுத்தார். பொத்தானைத் தள்ளப் போனார். அது ஏற்கெனவே முன்னால் தள்ளப்பட்டிருந்தது! மூடியைத் திருகினார்; வரவில்லை. தட்டித் திருகியபோது உள்ளிருந்து ஈரமும் வெள்ளைப் பொடியும் கையில் ஒட்டின. விளக்கு எரியவில்லை. இருட்டிலேயே வாசலைக் கடந்தோம். விழுந்து கிடந்த தென்னை மட்டையில் கால் தடுக்கி அப்பாயி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இன்றுவரை கோலூன்றித்தான் நடக்கிறார். "வெளக்கு ஒழுங்கா இருந்திருந்தா எங்காலும் ஒழுங்கா இருந்திருக்கும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அப்பா தலை குனிந்து கொள்வார்.

செல்லைத் திருப்பிப் போட்டிருந்தும் அது ஏன் தீர்ந்தது? இக்கேள்வி என்னோடு கல்லூரி வரை வந்தது. இரண்டாம் ஆண்டில் மின்னியல் செய்முறை வகுப்பில் இதைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்கள் தாத்தா விளக்கில் எத்தனை செல்? அப்பா விளக்கில் எத்தனை?" விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. அதற்கு வருமுன் செல்லின் வரலாற்றையும் அமைப்பையும் சிறிது காண்போம்.

செல் வந்த வழி

இத்தாலி நாட்டு அறிஞர் வோல்டா 1800-ஆம் ஆண்டில் உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் மாறி மாறி அடுக்கித் தொடர்ந்து மின்னோட்டம் தரும் முதல் அடுக்கை உலகுக்கு அறிவித்தார். 1866-இல் பிரான்சு நாட்டு லெக்லாஞ்சே துத்தநாகம், மாங்கனீசு டை ஆக்சைடு, நவச்சாரக் கரைசல் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மின்கலம் அமைத்தார். அது கண்ணாடிக் குடுவையில் திரவத்தோடு நிற்கும் கலம். கையில் எடுத்துச் செல்ல இயலாது. ஜெர்மானியரான காஸ்னர் 1886-இல் அத்திரவத்தைப் பசையாக்கி, துத்தநாகத்தையே கொள்கலமாகவும் ஆக்கி உலர் மின்கலத்தை உருவாக்கினார். உலர் மின்கலம் பிறந்ததால் கைவிளக்கும் பிறந்தது. டேவிட் மிசெல் என்பவர் வடிவமைத்த குழல் வடிவக் கைவிளக்குக்கு 1899 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று பெருவழக்காக உள்ள அல்கலைன் செல்லை 1950-களில் உருவாக்கியவர் லூயிஸ் அர்ரி என்னும் கனடா நாட்டு வேதியியலார்.

இத்துறைக்கும் நம் மாநிலத்துக்கும் தொடர்பு உண்டு. மின்வேதியியலை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் ஒரு தேசிய ஆய்வகம் இயங்கி வருகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் அது திறக்கப்பெற்றது.

செல் தானே தேய்வது ஏன்?

சாதாரண உலர் மின்கலத்தில் வெளிக்கூடான துத்தநாகமே எதிர்மின் முனை. நடுவில் நிற்கும் கார்பன் தண்டு நேர்மின் முனை. தண்டைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கரிய கலவையும், அதற்கும் துத்தநாகத்துக்கும் இடையே மின்பகு பசையும் உள்ளன. வெளியே சுற்று மூடப்பட்டால் துத்தநாகம் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகிறது. அவ்வெலக்ட்ரான்கள் விளக்கின் வழியாக ஓடி மாங்கனீசு டை ஆக்சைடைச் சேர்கின்றன. எனவே ஒளி என்பது துத்தநாகம் கரைவதற்கு நாம் பெறும் விலை எனலாம்.

விலை பெறாமலும் துத்தநாகம் கரைவதுண்டு. துத்தநாகத்தில் இரும்பு போன்ற மாசுகள் சிறிதளவு கலந்திருந்தால், மாசுத் துகளும் அதன் அருகே உள்ள துத்தநாகமும் பசையும் சேர்ந்து நுண்ணிய மின்கலங்களாகி விடுகின்றன. வெளிச்சுற்று எதுவும் இல்லாமலே உள்ளுக்குள் மின்னோட்டம் ஓடுகிறது, துத்தநாகம் அரிக்கப்படுகிறது, ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. இதனைப் பாடநூல்கள் உள்ளிட நிகழ்ச்சி என்று கூறும். இதைத் தடுக்க முன்பு துத்தநாகத்தோடு சிறிது பாதரசம் சேர்த்து வந்தனர். பாதரசம் நிலத்துக்கும் நீருக்கும் நஞ்சு என்பதால் அது பெரும்பாலும் கைவிடப்பட்டு, தூய்மையான துத்தநாகமும் அரிப்புத் தடுப்பான்களும் இப்போது பயன்படுகின்றன.

இத்தேய்வின் அளவு செல்லின் வகையைப் பொறுத்தது. சாதாரண உலர் மின்கலம் அறை வெப்பநிலையில் ஆண்டுக்கு நூற்றுக்கு 8 முதல் 20 பங்கு வரை இழக்கக் கூடும். அல்கலைன் செல் 2 அல்லது 3 பங்குதான் இழக்கும். மறு மின்னேற்றம் செய்யத்தக்க பழைய வகை நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்லோ ஒரே மாதத்தில் 20 முதல் 30 பங்கு வரை இழந்துவிடும். இக்குறையைப் போக்கி, ஓராண்டு கழித்தும் பெரும்பகுதி மின்னேற்றத்தைக் காத்து நிற்கும் புதுவகை 2005-இல் சந்தைக்கு வந்தது.

வெப்பம் இத்தேய்வை விரைவுபடுத்தும். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 பாகை செல்சியசு உயர்வுக்கும் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது நாம் அறிந்த பொது விதி. தகரக் கூரைக்கு அடியிலும், அடுப்பங்கரைப் பரணிலும், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியிலும் விளக்கை வைப்பது அதன் ஆயுளைப் பாதியாக்கும் செயலாகும். அப்படியானால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமே என்று சிலர் கேட்பர். ஆண்டுக்கு 2 பங்கு மட்டுமே இழக்கும் அல்கலைன் செல்லுக்கு அதனால் பெரும் இலாபம் இல்லை. வெளியே எடுத்ததும் நீர் படிந்து முனைகள் துருப்பிடிக்கும் என்பதே மிச்சம். காற்றோட்டமான, உலர்ந்த, நிழலான அலமாரியே போதும்.

விளக்கு குடிக்கும் மின்சாரம்

இரண்டாவது இழப்பு விளக்கின் அமைப்பால் வருவது. பழைய விளக்குகளின் தள்ளு பொத்தான் இரு உலோகத் தகடுகளைத் தொடச் செய்கிறது அல்லது பிரிக்கிறது. பிரித்துவிட்டால் மின்னோட்டம் சுழியே. இக்கால எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் மெல்ல அழுத்தும் பொத்தான் உள்ளது. அது சுற்றைத் தானே துண்டிப்பதில்லை. உள்ளிருக்கும் ஒரு நுண்சுற்றுக்குக் கட்டளை தருகிறது, அவ்வளவே. அக்கட்டளையை எதிர்பார்த்து நுண்சுற்று எப்போதும் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க மின்னோட்டம் வேண்டும்.

அணைத்த நிலையில் அது எவ்வளவு என்பதை நாமே அளக்கலாம். பின்மூடியைக் கழற்றி, பல்பயன் மின்னளவியை மில்லி ஆம்பியர் அளவில் வைத்து, அதன் ஒரு முனையைக் கடைசி செல்லின் அடியிலும் மறு முனையை விளக்கின் உலோக உடலிலும் தொட்டால் அளவு தெரிந்துவிடும். விளக்கு அணைந்திருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். விடுதி நண்பர்களிடம் இருந்த மூன்று விளக்குகளை இவ்வாறு அளந்தேன். தள்ளு பொத்தான் விளக்கில் மின்னோட்டம் ஏதும் இல்லை. மெல்ல அழுத்தும் பொத்தான் விளக்கு 0.03 மில்லி ஆம்பியர் எடுத்தது. இருட்டில் இடம் தெரிவதற்காகப் பொத்தானில் சிறு பச்சை ஒளி எரியும் விளக்கோ 1 மில்லி ஆம்பியர் எடுத்தது.

2,500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள அல்கலைன் செல்களைக் கொண்டு கணக்கிடுவோம். 0.03 மில்லி ஆம்பியர் எனில் 83,000 மணிக்கும் மேல், அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். இது அல்கலைன் செல்லின் சொந்தத் தேய்வைவிட மிகுதியே; எனினும் பல ஆண்டுகள் தாங்கும் என்பதால் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. 1 மில்லி ஆம்பியர் எனில் 2,500 மணி, அதாவது 104 நாள்கள். தை மாதம் புதுச் செல் போட்டு ஒரு முறைகூட எரிக்காமல் வைத்த விளக்கு சித்திரை முடிவதற்குள் தீர்ந்துவிடும்! செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் வழியாகவும் ஓடுகிறது. எனவே எத்தனை செல் போட்டாலும் நாள்கள் கூடா.

தாத்தாவின் கணக்கும் அப்பாவின் கணக்கும்

மூன்றாவது இழப்பு எளியது. பெட்டியிலோ பையிலோ மற்றப் பொருள்கள் உரசிப் பொத்தான் தானே தள்ளப்பட்டு விளக்கு எரிந்து தீர்வது அது. தாத்தா செல்லைத் திருப்பிப் போட்டது இதைத் தடுக்கவே.

ஒரு செல்லின் மின்னியக்கு விசை ஏறத்தாழ 1.5 வோல்ட். இரண்டு செல்களும் நேராக இருந்தால் 1.5 + 1.5 = 3 வோல்ட். ஒன்றைத் திருப்பினால் 1.5 − 1.5 = 0. பொத்தான் தள்ளப்பட்டாலும் மின்னோட்டம் ஓடாது. தாத்தாவின் கணக்கு சரி.

மூன்று செல்களில் ஒன்றைத் திருப்பினால் 1.5 + 1.5 − 1.5 = 1.5 வோல்ட் மிஞ்சுகிறது. பொத்தான் தள்ளப்பட்டால் பல்பின் வழியாக மின்னோட்டம் ஓடவே செய்யும். செய்முறைக் கூடத்தில் மூன்று செல்களையும் 3.8 வோல்ட் பல்பு ஒன்றையும் வைத்து இதைச் செய்து பார்த்தேன். பல்பு ஒளிரவில்லை, அதன் இழை மட்டும் அவியப் போகும் ஊதுவத்தி முனைபோல் மங்கிய சிவப்பாகக் கனன்றது. துணி சுற்றிய விளக்கில், மூடிய தகரப் பெட்டிக்குள், அந்தச் சிவப்பு யார் கண்ணிலும் பட்டிருக்காது. அந்நிலையில் பல்பு அதன் முழு மின்னோட்டத்தில் பாதிக்கு மேல் எடுக்கிறது. ஓரிரு நாள்களில் செல்களைக் காலி செய்ய அது போதும்.

இழப்பு இதோடு நிற்பதில்லை. நேராக உள்ள இரண்டு செல்களும் சேர்ந்து, திருப்பிப் போட்ட செல்லுக்குள் மின்னோட்டத்தை எதிர்த்திசையில் செலுத்துகின்றன. மறு மின்னேற்றத்துக்கென அமைக்கப்படாத செல்லை வலிந்து மின்னேற்றினால் உள்ளே வாயு பெருகும், அழுத்தம் மிகும், மூடிய முனை விலகிப் பசை வெளியேறும். மற்ற இரண்டின் துத்தநாகக் கூடுகளோ கரைந்து ஓட்டை விழும். புயலிரவில் அப்பாவின் கையில் ஒட்டிய ஈரத்துக்கும் வெள்ளைப் பொடிக்கும் காரணம் இதுவே என்று கொள்கிறேன். அப்பா வழக்கத்தைக் காப்பாற்றினார். வழக்கத்தின் காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை. தாத்தாவுக்கும் "கட்டை தூங்கட்டும்" என்பதற்கு மேல் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

இன்னொன்றையும் இங்குக் கூற வேண்டும். இரண்டு செல் விளக்காயினும், எல்.இ.டி.யும் நுண்சுற்றும் உள்ளதாயின் செல்லைத் திருப்பிப் போடலாகாது.  லித்தியம் செல்லைத் திருப்பிப் போடுவது வெப்பத்துக்கும் தீக்குமே வழி வகுக்கும். தாத்தாவின் முறை அவருடைய இரண்டு செல், பல்பு விளக்குக்கு மட்டுமே உரியது.

மின்னேற்றும் விளக்குகள்

கடைகளில் இன்று மிகுதியாக விற்பவை சுவர்ச் செருகியில் மாட்டி மின்னேற்றும் விளக்குகள். இவற்றுள் இரு வகை உண்டு. ஒன்றில் 4 வோல்ட் ஈய-அமில பாட்டரி இருக்கும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். மற்றொன்றில் 3.7 வோல்ட் லித்தியம் அயனி செல் இருக்கும். இரண்டையும் பாதுகாக்கும் முறைகள் நேர் எதிரானவை. ஈய-அமில பாட்டரியை முழு மின்னேற்றத்தோடு வைக்க வேண்டும். தீர்ந்த நிலையில் விட்டால் தகடுகளில் ஈயச் சல்பேட்டுப் படிகங்கள் இறுகி, பின்னர் மின்னேற்றமே ஏறாது. மாதம் ஒருமுறை அதை மின்னேற்றுவது நல்லது. லித்தியம் செல்லை நெடுநாள் வைப்பதாயின் ஏறத்தாழ பாதி மின்னேற்றத்தோடு வைப்பதே அதற்கு நீண்ட ஆயுள் தரும். எனினும் புயல், மழைக் காலங்களில் அவசரத்துக்கென வைக்கும் விளக்கை முழுமையாகவே ஏற்றி வைக்க வேண்டும். செல்லின் ஆயுள் சிறிது குறைந்தாலும் நம் பாதுகாப்பே பெரிது.

நாம் செய்யத் தக்கவை

1. நெடுநாள் பயன்படாத விளக்கிலிருந்து செல்களை எடுத்துவிடுக. செல்களையும் விளக்கையும் ஒரே பையில் வைக்க வேண்டும். செல் ஓரிடம், விளக்கு வேறிடம் என்றால் இருட்டில் இரண்டும் கிடைக்கா.

2. எடுக்க மனமில்லையாயின், கடைசி செல்லுக்கும் சுருள்வில்லுக்கும் இடையே அஞ்சலட்டையில் வெட்டிய வட்டத் துண்டு ஒன்றை வைக்கலாம். மூன்று வகை இழப்பில் இரண்டை இது தடுத்துவிடும். இருட்டில் அதை அகற்றும் பழக்கம் வீட்டார் அனைவருக்கும் இருக்க வேண்டும்.

3. உலோக உடல் கொண்ட எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே சுற்று துண்டிக்கப்படும். தளர்த்திய பின் பொத்தானை அழுத்திப் பார்த்து உறுதி செய்க. அவசர விளக்குக்கு இதுவே சிறந்த முறை. ஒரு திருகலில் விளக்கு எரியும்.

4. பழைய செல்லையும் புதிய செல்லையும், இரு வேறு வகைச் செல்களையும் கலந்து போடாதீர்கள். முதலில் தீரும் செல்லை மற்றவை எதிர்த்திசையில் மின்னேற்றி ஒழுகச் செய்யும்.

5. ஒழுகிய விளக்கை உடனே எறிய வேண்டியதில்லை. கையுறையோ பிளாஸ்டிக் பையோ அணிந்து செல்லை அகற்றுக. சாதாரண செல்லின் கசிவு அமிலத் தன்மையது. சமையல் சோடாக் கரைசலில் நனைத்த துணியால் துடைக்கலாம். அல்கலைன் செல்லின் கசிவு காரத் தன்மையது. அதற்கு எலுமிச்சைச் சாறு ஏற்றது. கண்ணில் படாமல் காத்துக் கொள்க.

6. தீர்ந்த செல்லைத் தீயிலோ வயலிலோ குளத்திலோ எறியாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது உற்பத்தியாளரின் கடமை. நம் கடமை அவற்றைக் குப்பையில் கலக்காமல் தனியே சேர்த்து ஒப்படைப்பது.

7. ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாள் வீட்டிலுள்ள விளக்குகள் அனைத்தையும் எரித்துப் பார்த்துவிடுக.

முடிவுரை

செய்முறைக் கூடத்தில் அந்த மங்கிய சிவப்பைக் கண்ட வாரம் ஊருக்குப் போனேன். அப்பாவின் எதிரில் மூன்று செல்களைத் தரையில் வரிசையாக வைத்துக் கூட்டலும் கழித்தலும் செய்து காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரு செல்லு கூடினதுல இவ்வளவு இருக்கா?" என்றார். திண்ணையில் இருந்த அப்பாயி, "போனது போவட்டும். இப்ப இருக்குற வெளக்கு எரியுதான்னு பாருங்கடா" என்றார்.

முன்னோர் வழக்கங்களில் அறிவு உண்டு. ஆனால் காரணம் அறியாமல் பின்பற்றப்படும் வழக்கம், பொருள் மாறியவுடன் நம்மைக் கைவிட்டுவிடும். வழக்கத்தை மட்டும் வாங்கிக் கொள்ளாமல் அதன் காரணத்தையும் கேட்டு வாங்கிக் கொள்வதே கல்லூரியில் பயிலும் நமக்கு அழகு. இதைப் படித்து முடித்ததும், விடுதி அறையிலோ வீட்டிலோ உள்ள டார்ச் விளக்கின் பின்மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாயி இருக்கக் கூடும்.